குளியாளி இறந்த இதழ்

உயிரோடிருக்கும் ஒருவனைக் குறிக்கும் சொல்லை, படத்தில் மட்டும் இருக்கும் ஒருவனுக்குச் சூட்டி விளையாட யாருக்கு உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. புதிய காமிக்ஸ் இதழ் ஒன்று கடைக்கு வந்த நாளில், ஆட்டோவில் வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தபோது, கோயில் மணியோசையோடு சேர்ந்து அது என்னிடம் வந்தது.

தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களைப் பள்ளி நாள்களிலிருந்தே வாசித்துவருகிறேன். முதுகலை முடித்து, மீனவப் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு பணியாற்றத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் குறையவில்லை. புதிய இதழின் அட்டைப்படம் முதலில் எங்கள் வாசகர் குழுவில் வெளியாகும். வண்ணம் மங்கல் என்று ஒருவர் குறை சொல்வார்; மூல அட்டையையே போட்டிருக்கலாம் என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். சொன்ன தேதியில் இதழ் வந்ததாக எனக்கு நினைவில்லை. காத்திருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதி என்று எங்களை நாங்களே தேற்றிக்கொள்வோம்.

தூத்துக்குடியில் எனக்கு அவை கிடைக்கும் இடம் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய பேப்பர் கடை. கடைக்காரர் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்; எல்லோருக்கும் அண்ணாச்சி. நாளிதழ்களுக்கும் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலங்களுக்கும் நடுவே காமிக்ஸ்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். வருவது கொஞ்சம் பிரதிகள்தான், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே, கட்டைப் பிரித்ததும் வழக்கமான வாசகர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர்களுக்கானதை எடுத்துவைப்பார். நான் கூட்டங்களில் இருந்தால் கைபேசியை ஒலியடக்கி வைத்துவிடுவேன் என்பதால், என் மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், எண்ணையும் அவரிடம் கொடுத்திருந்தேன்.

நான் விரும்பிப் பின்தொடர்ந்த தொடரின் நாயகன் கடலுக்கடியில் எவ்வளவு நேரமானாலும் மூச்சு வாங்காமல் நடப்பவன். அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்த நீளமான பெயர் அண்ணாச்சியின் வாயில் நுழையவில்லை. என் அண்ணன் சங்கெடுக்கக் கடலில் இறங்குபவன் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தொழில் செய்பவரை எங்கள் பக்கம் குளியாளி என்போம். அதனால் அவர் நாயகனுக்கும் அதே பெயரை வைத்தார். "ஏளா, ஒன் குளியாளி வந்துட்டான், வந்து கூட்டிட்டுப் போ" என்பார். வாசகர் குழுவிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. நான் வாங்கிவரும் இதழை ஈரக் கையோடு பிடுங்கிப் புரட்டுவான்.

"ஏளா, இவனுக்கு கம்ப்ரசர் எங்க? டியூபும் இல்லாம எப்படி இறங்குதான்?"

"அவன் சூப்பர் ஹீரோல்லா."

"சங்கு ஒண்ணாவது எடுக்கானா? சும்மா நடந்துட்டு வாரான். இவனைக் கூட்டிட்டுப் போனா சம்மாட்டி டீசல் காசுக்கு எங்க போவாரு?"

மைனி சிரிப்பாள். ஆனால் டியூப் என்ற சொல் வந்ததும் அவள் சிரிப்பு சற்றே நின்று தொடங்கும். படகு முதலாளியான சம்மாட்டியின் படகில் காற்று தரும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்க, அதிலிருந்து வரும் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் அண்ணன் அடியில் இறங்குவான். மேலே ஒருவர் அந்த டியூபைக் கையில் பிடித்திருப்பார். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவரின் கையில் இருக்கிறது என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று வந்த இதழில் நாயகன் இறந்துபோகிறான். அட்டையிலேயே அவனை நான்கு பேர் தூக்கிச் செல்வது போலப் படம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் ஒரு சேமிப்புக் குழுவின் கூட்டத்தில் இருந்தேன். அடுத்து மைனியைக் கூப்பிட்டிருக்கிறார். தான் யார் என்று சொல்லாமலேயே, என்னை நேரில் பார்த்ததைப் போன்ற உற்சாகத்தில், "அந்தப் பிள்ளகிட்ட சொல்லிருங்க, அவ குளியாளி செத்துட்டான். தூக்கிட்டுப் போறாங்க" என்றிருக்கிறார்.

அண்ணன் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தான்.

கூட்டம் முடிந்து கைபேசியைப் பார்த்தபோது வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் மாறி மாறி அழைப்புகள் வந்திருந்தன. வீட்டுக்குப் பேசினேன். எடுத்தது அடுத்த வீட்டு அக்கா.

"சீக்கிரம் வாளா. ஒங்கண்ணன் போயிட்டான்."

"யாருக்கா சொன்னா?"

"போன் வந்துச்சாம்ளா. ஒம் மைனி அப்படியே விழுந்துட்டா. நீ வா."

ஆட்டோவில் ஏறினேன். கடற்கரைச் சாலையில் திரும்பும்போது எங்கள் மாதா கோயிலின் துக்க மணி கேட்டது. விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக. அப்போது கடை எண்ணிலிருந்து மறுபடியும் அழைப்பு.

"ஏளா, ஒங்க வீட்டுல என்ன, ஆளு செத்துட்டான்னு சொன்னதும் போனை வச்சிட்டாவ? அப்புறம் எடுக்கவே மாட்டேங்காவ. ஒரு புக்கு எடுத்து வைக்கவா, வேண்டாமா?"

அவர் வீட்டில் சொன்ன குளியாளி புத்தகத்தில் வருகிறவன்தான் என்று புரிந்ததும் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது; அது பாதியில் வேறொன்றாக மாறியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொண்ட பிறகும் அந்த மணி நிற்கவில்லை. அண்ணன் கடலில் இருக்கிறான் என்ற உண்மையும் மாறவில்லை.

வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. நான் சத்தம் போட்டுச் சொன்னேன்: செத்தது காமிக்ஸில் வருகிறவன், அண்ணனுக்கு ஒன்றுமில்லை. மைனி என் முகத்தைப் பார்த்தாள். "என்னைய அமத்தணும்னு சொல்லுத" என்றாள். அண்ணாச்சியை மறுபடி அழைத்து அவளிடம் பேசவைத்தேன். அவர் பதறி மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர நம்பவில்லை. ஒரு குரல் சொன்ன சாவை இன்னொரு குரலால் திருப்பி வாங்க முடியாது என்பதை அன்று பார்த்தேன். நாங்கள் அனைவரும் கடற்கரைக்குப் போய் நின்றோம்.

வெயில் சாயத் தொடங்கும்போது படகு வந்தது. அண்ணன் முன்னால் நின்றிருந்தான். கரையில் இவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடிவந்தான்.

"ஏலே, என்ன கூட்டம்? யாருலே செத்தா?"

மைனி அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டு, பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். "எனக்கு மணியே அடிச்சிட்டீங்களா?" என்று கோயிலில் மணியடிக்கும் உபதேசியாரைப் பார்த்துக் கேட்டான். அவரும் கூட நின்றவர்களும் சிரித்தார்கள். படகிலிருந்து இறங்கியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவனுக்கு எப்போதும் டியூப் பிடிப்பவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தப்பா நெனைக்காத மாப்ள. நேத்து வேற ஆளுக்குப் பிடிச்சேன், ஒண்ணுமில்ல. நீ இறங்குதன்னு நெனச்சாலே அந்த மணிதான் கேக்கு. கை நடுங்குது."

"இது கோட்டித்தனம்லா மச்சான். பொம்ம புக்குலே அது."

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலய."

நான் வாதாடினேன். மூடநம்பிக்கை, வருமானம், குடும்பம் என்று நான் கூட்டங்களில் பேசும் எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுங்கும் கையை நம்பி அண்ணனைக் கடலில் இறங்கச் சொல்லும் துணிவு எனக்கே இல்லை என்பது பேச்சின் நடுவில் எனக்கு விளங்கியது. சம்மாட்டியும், "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். அண்ணன் வேறு படகுகளில் கேட்டுப் பார்த்தான். மணி அடித்த கதை அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

யாரைக் குற்றம் சொல்வது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி தன் வாடிக்கையாளரை நினைத்தார். அடுத்த வீட்டு அக்கா கோயிலுக்கு ஓடி மணியடிக்கச் சொன்னது அன்பினால். உபதேசியார் கேட்டதை நம்பினார். ஒவ்வொருவரும் செய்தது நியாயம். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனின் தொழிலை எடுத்துவிட்டது. மைனி மட்டும் இதை நல்லதென்றே சொல்கிறாள். அவள் சொல்வது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கம்ப்ரசர் வைத்து மூழ்கும் தொழிலில் கைகால் முடங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சில இதழ்கள் கழித்து நாயகன் உயிரோடு திரும்பினான். அவன் திரும்புவான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். இந்த வகைக் கதைகளில் சாவு நிலைப்பதில்லை. வாசகர் குழு கொண்டாடியது. நான் அந்த இதழை வாங்கினேன், வாசித்தேன், வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அலுவலக மேசைக்குள் வைத்தேன்.

அண்ணன் இப்போது துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான், கடலில் இறங்குவதில்லை. மைனியின் எண்ணைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். இதழ் வந்தால் அண்ணாச்சி நாயகனின் நீளப் பெயரைத் திக்கித் திக்கி முழுதாகச் சொல்கிறார்.