ஆணி போட்ட கோடு

காலை ஆறு பத்து. பால் வாங்கப் போகிற வழியில், கோலப்பொடி மில் வாசலில் முதலில் கண்ணில் பட்டது உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று. அதைக் கையில் பிடித்தபடி செல்வி நின்றிருந்தார். எதிரே, வெள்ளைக்கல் ஏற்றிய லாரி.

செல்வி அந்த மில்லின் முதலாளி, எங்கள் தெருக்காரர். மார்கழி நெருங்குகிறது. வாசுதேவநல்லூர், ராயகிரிக் கடைகளுக்குப் பாக்கெட் போயாக வேண்டும். ஆனாலும் லோடை இறக்கவிடவில்லை.

"யம்மா, கல்ல இறக்குவியளா, கண்ணாடி பாத்துத் தலை சீவுவியளா?" என்றார் டிரைவர்.

"உரசிப் பாத்துட்டுதான் இறக்குவேன் அண்ணாச்சி."

காரணம் உண்டு. நம்மூரில் கோலம் பளீரென்று விழ வேண்டும். அதற்காகவே போன வருஷம், இருப்பதிலேயே வெள்ளையான கல்லாகத் தேடி வாங்கினார் செல்வி. அரைத்த பொடி விரலில் நறநறத்தது. மெஷினில் நிற்கும் புஷ்பத்துக்கு அப்போது பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. 'என்ன கல் அரைச்சீங்க?' என்று டாக்டர் கேட்டாராம். 'வெள்ளைக்கல்' என்பதற்கு மேல் யாருக்கும் பதில் தெரியவில்லை.

நிறம் ஒரு பதிலா? உப்பும் வெள்ளைதான், சீனியும் வெள்ளைதான்...

மகளின் பாடப்புத்தகத்தைப் பிரித்துவைத்துப் படித்தார் செல்வி. அவருக்கு வேண்டியது சுண்ணாம்புக்கல். ஆணி அதைக் கீறும். அது கண்ணாடியைக் கீறாது. பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கூடவே கலந்து வருவது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அது நுரைக்காது, கண்ணாடியையே கீறிவிடும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் தங்கிவிடும்.

லாரியின் மேலே கிடந்த கற்களைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டார்; நுரைத்தன. டிரைவர் முகத்தில் சிரிப்பு. செல்வி அடியில் கைவிட்டு ஒரு கல்லை உருவினார். அது கண்ணாடிபோல மினுங்கியது. டிரைவரே செல்வியிடமிருந்து ஆணியை வாங்கி, அந்தக் கல்லில் அழுத்தி இழுத்தார்.

"இந்தா பாருங்க, கோடு! மெதுவான கல்லுதான்."

செல்வி முந்தானையால் துடைத்தார். கோட்டைக் காணோம். அதே கல்லைக் கண்ணாடியில் இழுத்தார் - கிறீச்!

"அழிஞ்சு போனது ஒங்க ஆணி தேஞ்ச கறை அண்ணாச்சி. இந்தக் கண்ணாடியில கெடக்கதுதான் கோடு. வண்டியத் திருப்புங்க."

"மார்கழிக்குக் கல்லுக்கு எங்கன போவிய?"

"எங்கனயும் போகல. நல்ல கல்லு வாரவரைக்கும் மெஷின் சும்மா கெடக்கட்டும்."

வேலைக்கு வந்த புஷ்பம் பதறிவிட்டார். "யக்கா, எனக்காவா திருப்புதிய? நான் மூக்குல துணி கட்டிக்கிடுதேன்."

"துணிக்குள்ள இருந்து இருமுனா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா, ஏட்டி?"

லாரி திரும்பிப் போனது. கடைக்காரர்கள் போனில் சத்தம் போட்டார்கள். செல்வி அசையவில்லை. நாமெல்லாம் அவசரத்தில்தானே கண்ணை நம்பிவிடுகிறோம்?

அடுத்த லோடு, கார்த்திகைக் கடைசியில்தான் வந்தது.

புஷ்பம் இப்போது மெஷினில் நிற்பதில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிற கல்லைக் கண்ணாடியில் உரசிப் பார்க்கிறார்.