சும்மா இருக்க வேண்டிய பதினான்காம் நாள்

போன வாரம் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு வாலிபர். பூப்பந்து ஆட்டக்காரராம், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவர் காலிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. நல்லெண்ணெயும் நொச்சியும் பூண்டும் சேர்ந்து காய்ந்த வாசனை. பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பனைத் தோட்டங்கள் மறைந்து திருவனந்தபுரம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய திருவனந்தபுரம்.

அப்போது மலேசியாவின் இதே ஈப்போ சாலையில் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் ஓட்டியாகிவிட்டது, வயது நாற்பதைத் தாண்டவில்லை, அதற்குள் முதுகு போய்விட்டது. இடுப்பில் தொடங்கும் வலி வலது தொடை வழியாக இறங்கும். பாதத்துக்கு வந்ததும் வலி நின்றுவிடும். நல்லது என்று நினைக்காதீர்கள். பாதம் மரத்துப்போவதால்தான் வலி நின்றது. அதைச் சமாளிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கூப்பிட்டு ஒரு மாதம் லீவு கொடுத்தார். குணமாகி வந்தால் பஸ் உனக்கு, இல்லாவிட்டால் வேறு டிரைவருக்கு என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். பஸ் தானாக ஓடாது என்பதும் உண்மைதானே.

யாரோ சொல்லி, யாரோ எழுதி, திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சிறிய வைத்தியசாலையில் போய்ச் சேர்ந்தேன். தனியாகத்தான் போனேன். மனைவி பாக்கியத்துக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதற்கு முன்பு வெளிநாடு என்று நான் பார்த்தது தாய்லாந்து எல்லையில் ஒரு சந்தை மட்டும்தான்.

வைத்தியசாலை என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஓட்டுக்கூரை போட்ட பழைய மாடிவீடு. கீழே எண்ணெய் காய்ச்சுவார்கள், மேலே நாங்கள் நான்கைந்து பேர் கிடப்போம். வைத்தியர் ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவார். தினமும் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் செல்லத்துரை, வள்ளியூர்க்காரர். பதினைந்து வருஷமாக அங்கேயே இருந்ததில் அவருடைய தமிழில் பாதி மலையாளம் ஆகியிருந்தது. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் என் இடுப்பில் கையை வைத்துவிட்டு, "எந்தா அண்ணாச்சி, இது முதுகா, முறுக்கின கயிறா?" என்றார்.

பதினான்கு நாள் தேய்த்தார், சூடான எண்ணெயில் துணியை முக்கி மேலே பிழிந்தார், மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தார். அதெல்லாம் சுலபம், நான் சும்மா படுத்திருந்தால் போதும். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாள் அதன் பிறகு சும்மா இருக்க வேண்டும். நல்லிரிக்க என்று அதற்குப் பெயர். வெயில் படக்கூடாது, காற்று படக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, கோபப்படக்கூடாது, பகலில் தூங்கவும் கூடாது. முக்கியமாக, குலுங்கும் வண்டியில் ஏறவே கூடாது.

"அப்ப ஊருக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டேன்.

"விமானம் அத்ர குலுங்காது. அது சாரமில்ல," என்றார் வைத்தியர், பரவாயில்லை என்கிற மாதிரி.

"பஸ் ஓட்டறது?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூணு மாசம் கழியட்டே. பின்னே பார்க்கலாம்."

மூன்று மாதம். எனக்கிருந்தது பதினாறு நாள். விமானம் இறங்கிய மறுநாள் தவுக்கே முன்னால் போய் நிற்க வேண்டும். நான் வைத்தியரிடம் இதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பதின்மூன்று நாள் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். மாடி ஜன்னல் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் பழவங்காடி கணபதி கோயில் முனையும் பஸ்கள் திரும்பும் இடமும் தெரியும். தேங்காய் உடைக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலைந்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், எந்த வண்டிக்குக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, எந்த டிரைவர் கியரை இழுத்துப் போடுகிறவர் என்று. சிலர் கோயிலைத் தாண்டும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் சாலையில் ஒரு முனீஸ்வரர் இருக்கிறார், ஹார்ன் அடிக்காமல் அவரை யாரும் தாண்ட மாட்டோம். ஊர் எதுவானாலும் டிரைவருக்குப் பயம் ஒன்றுதான் போலிருக்கிறது.

பதினான்காம் நாள் காலையில் செல்லத்துரை கஞ்சி கொண்டுவந்து வைத்தார். மறுநாள் எனக்கு விமானம். "இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அனங்காம இருங்க அண்ணாச்சி. வைகுந்நேரம் வாறேன். நாளைக்கு ராசா மாதிரிப் போலாம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்கு அன்று சாயங்காலம் வரை லீவு.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகில் வலி இல்லை. மாடிப்படி இறங்கி ஏறினேன், வலி இல்லை. குனிந்து செருப்பை எடுத்தேன், இல்லை. நாற்காலியில் உட்காரும் முதுகும் பஸ்ஸில் உட்காரும் முதுகும் ஒன்றா என்ற கேள்வி மட்டும் போகவே இல்லை. பாக்கியம் விமான நிலையத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான். தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது? அடுப்பில் வேகும் சோற்றை நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடி திறந்து பார்க்கிற ஆள்தான் நான், வீட்டில் அதற்கு ஏற்கெனவே திட்டு வாங்குகிறவன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன், காற்று படக்கூடாதல்லவா. படியிறங்கிப் போய்க் கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஏறியதும் டிரைவர் தெரிகிற மாதிரி முன்னால் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து ஏதோ சொன்னார். சுற்றிலும் பெண்கள் என்னையே பார்த்தார்கள். அங்கே முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கு என்பது எனக்குத் தெரியாது. எழுந்து, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டபுள் பெல் அடித்தது, வண்டி கிளம்பியது.

பாளையம் வரைக்கும் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குலுங்குகிறது, ஒன்றும் செய்யவில்லை. முதுகு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அவர் கண்ணாடியில் அதைக் கவனித்திருக்கிறார்.

"டிரைவராணோ?"

"ஆமாங்க. மலேசியா."

மலேசியா என்றதும் ஒரு முறை திரும்பியே பார்த்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. பக்கத்தில் இருந்த எஞ்சின் பெட்டியைத் தட்டினார். "இவிடெ இரிக்கு."

அதன் மேல் ஒரு கிழிந்த மெத்தை போட்டிருந்தது. உட்கார்ந்தேன். கீழிருந்து வந்த சூடு செல்லத்துரையின் ஒத்தடம் மாதிரி இதமாக இருந்தது. அவர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். உங்கள் ஊரில் கியர் எந்தப் பக்கம், எத்தனை டிரிப், மழை எப்படி. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் கேட்கிற கேள்விகள், மொழி தெரியாவிட்டாலும் பாதி புரிந்துவிடும். கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகார்யம் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த மாதம் முழுவதும் நான் யாரிடமும் அவ்வளவு பேசவில்லை.

கழக்கூட்டத்தில் எல்லோரும் இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

வலி எப்போது வந்தது என்று தெரியவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தேன். இடுப்பு பூட்டிக்கொண்டது. "சாயா குடிக்காம்," என்று டிரைவர் டீ குடிக்கக் கூப்பிட்டார். "பரவாயில்லிங்க, இங்கயே இருக்கேன்," என்று சிரித்தேன். வேறு யாரானாலும் நம்பியிருப்பார்கள். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"நடுவாணோ?"

இடுப்பா என்று கேட்கிறார். தலையாட்டினேன். அவர் போய் இரண்டு கண்ணாடிக் குவளையில் டீயை வாங்கிக்கொண்டு வண்டிக்குள்ளேயே வந்தார். பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அகலமான தோல் பட்டை, வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"எனிக்கும் உண்டு. பத்து கொல்லமாயி. ஆரோடும் பறஞ்ஞிட்டில்லா."

பத்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று கையால் காட்டினார். அந்தப் பட்டை எங்கே கிடைக்கும், எப்படிக் கட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். என் துண்டை வாங்கிச் சுருட்டி என் இடுப்புக்குப் பின்னால் வைத்தார். வலி பாதி அடங்கியது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆக, இப்படியும் ஓட்டலாம். ஒரு மனிதர் பத்து வருஷம் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஊருக்குப் போய் இறங்கியதும் பட்டை வாங்க வேண்டும், பாக்கியத்திடம் முழுக்கக் குணம் என்று சொல்ல வேண்டும். குவளையில் டீ முடிவதற்குள் எல்லாம் தீர்மானம் ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் உள்ளூர் என்ற அந்த நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு இறக்கம். எங்களுக்கு முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. என் கால் தரையை அழுத்தியது. எங்கள் பஸ் வேகம் குறையவில்லை. நான் டிரைவரின் காலைப் பார்த்தேன். அது பிரேக்கின் மேல் சும்மா இருந்தது. அப்போதுதான் அவருடைய இடது கை கியரை விட்டுவிட்டுத் தன் வலது தொடையைப் பிடித்துக் கீழே அமுக்கியது. வண்டி கத்திக்கொண்டு நின்றது. முன்னால் இருந்த பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கூச்சல் போட்டார்கள்.

"எந்தா சேச்சி, உறங்கிப்போயோ?" என்று அவர் திரும்பிச் சிரித்தார். அவர்களும் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டார்கள். அந்தக் கையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவருக்கும் அது தெரியும். அதன் பிறகு கிழக்கேகோட்டை வரும்வரை அவர் கண் சாலையை விட்டு நகரவில்லை.

முன்பு ஒரு வழி வைத்திருந்தேன் என்று சொன்னேனே, அது இதுதான். கால் மரத்தால் தொடையைக் கையால் அமுக்குவேன். எங்கள் சாலையில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால்கூட அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டும் இருந்தேன். எஞ்சின் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்க்கும்போது அது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பழவங்காடியில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் கும்பிட்டேன். இறங்கும்போது என் தோளைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். இதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு டீயும் ஒரு சுருட்டிய துண்டும் கொடுத்த மனிதரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரையும் நினைத்தால் தவறு என்றுதான் படுகிறது.

வைத்தியசாலை வாசலில் செல்லத்துரை நின்றுகொண்டிருந்தார். நான் நடந்த நடையைப் பார்த்தார். என் இடுப்பில் கையை வைத்தார்.

"பஸ்ஸுல போனியளோ?"

"ஆமா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "பதினாலு நாளு, அண்ணாச்சி. என் கையி வேகிற சூட்டுல பிழிஞ்சேன். ஒரு நாளு... ஒரு நாளு அனங்காம இருந்தா என்ன?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எழுந்து, "வாங்க, படுங்க," என்றார். அன்றைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது என்பது முறை. தேய்த்தார். வைத்தியரிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் பாக்கியம் முதலில் அதைத்தான் கேட்டாள். "சுகமாயிருச்சா?"

"முதுகு தேவல. ஆனா இனிமே பஸ் ஓட்ட மாட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியை வாங்கிக்கொண்டாள். தவுக்கே என்னை ஈப்போ பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக உட்கார வைத்தார். கரும்பலகையில் சாக்கட்டியால் நேரம் எழுதுகிற வேலை. என் பஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார், நான் நேரம் எழுதுவேன்.

அந்தக் கரும்பலகை இப்போது இல்லை, மின்திரை வந்துவிட்டது. தவுக்கே இல்லை, அவர் கம்பெனியும் இல்லை. நீளமான கியர்க்கம்பி இல்லை, உட்கார எஞ்சின் பெட்டி இல்லை, எஞ்சினையே பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். செல்லத்துரை சில வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போட்டுக்கொண்டிருந்தார். முதுகு எப்படி என்று மட்டும் அதில் ஒருபோதும் கேட்டதில்லை. பிறகு அதுவும் நின்றது. பதினான்காம் நாள் சும்மா இருந்திருந்தால் முதுகு முழுக்கத் தேறியிருக்குமோ என்னவோ. அதை இனி யாரிடம் கேட்பது?

போன வாரம் பத்து காஜா தாண்டும்போது குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்தது. பஸ் நின்றது. "அங்கிள், கால் வலிக்குதா?" என்று பக்கத்தில் இருந்த வாலிபர் கேட்டார். குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கை தொடைக்குப் போகவில்லை. கால் தானாகவே, டிரைவருக்கு முன்னாலேயே அழுத்தியிருந்தது. அதன் கீழே பிரேக்தான் இல்லை.