சுகந்தியின் மகன்

விடுமுறைக்குக் கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு கேக் கடையில் நிற்கிறேன். லண்டனில் நான் கார் ஓட்டும் ஆங்கிலேயப் பிரபுவின் வீட்டில், போன மாதம் பிறந்த பிள்ளைக்குச் செத்துப்போன பாட்டன்மாரின் பெயர்கள் நான்கைக் கோத்து வைத்தார்கள். நியூ ஜெர்சியில் என் தம்பி மகள், அமெரிக்கர் மாதிரி, உலகத்தில் எவருக்கும் இல்லாத பெயரொன்றைத் தானே உண்டாக்கிப் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். அவர்களுக்குப் பரம்பரைப் பெருமை, இவளுக்குப் புதுசு என்ற பெருமை. இரண்டையும் நினைத்தாலே எனக்கு எரிச்சல்.

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நிற்கிறாள். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாளை மண்டபத்தில் கொண்டாட வெட்டும் கேக்கில் போட வேண்டிய பெயரை எழுதிக் கொடுக்கிறாள்: மாறன் சுகந்தி.

“சுகந்தி ஆர், பிள்ளை? தகப்பன்ரை பேரெல்லோ பின்னுக்கு வரவேணும்?” என்கிறார் கடைக்காரர்.

“அது நான்தான் அங்கிள். தகப்பன் விட்டிட்டுப் போட்டார். பேர்த் சேட்டிபிக்கற்றிலயும் இப்பிடித்தான் பதிஞ்சனான்.”

“ஹோலில சனம் கதைக்குமே.”

“கதைக்கட்டும். கடைசி வரிசைக்கும் தெரியிற மாதிரி எழுதுங்கோ.”

எங்கள் ஆட்களில் தாயின் பெயரைப் பின்னால் கொண்ட பிள்ளையை நான் கண்டதேயில்லை.

கடைக்காரர் எடுத்த கேக்கைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, அதைவிடப் பெரியதொன்றைத் தூக்கி வருகிறார்.

“இதில வடிவாத் தெரியும், பிள்ளை.”