சூப்பைப் புகழ்ந்து பேசுகிறவள்

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்த உணவகத்தின் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பெரியம்மா முதலில் தக்காளி சூப்பை வாயாரப் புகழ்ந்தாள். வீட்டில் வைத்தால் இந்த ருசி வருவதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதற்கெல்லாம் கைப்பக்குவம் வேண்டும் என்றார் சமையல்காரர். என்ன பக்குவம் என்று இவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வெறும் தண்ணிய ஊத்தினா எப்படிம்மா ருசி வரும்? கோழி எலும்ப நல்லா கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணிய ஊத்தணும்."

"அதான பாத்தேன்" என்றாள் பெரியம்மா, முகம் மாறாமல். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "சைவமான்னு கேட்டிருந்தா ஆமான்னு சத்தியமே பண்ணியிருப்பாரு. பொய்யும் இல்ல. அவரு கணக்குல அது தக்காளி, அவ்வளவுதான்."

அம்மாவின் அக்கா அவள். சைவம் மட்டுமே சாப்பிடும் பயணிகளுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவது வேலை. காலையில் அருங்காட்சியகம், மத்தியானம் சாப்பாடு, பிறகு ஓவியக்கூடம், சாயங்காலம் நாடக அரங்கம். ராஜாக்களின் காலத்தை இஷ்டத்துக்கு முன்னே பின்னே தள்ளிச் சொல்வாள், யாரும் கண்டுகொள்வதில்லை. சாப்பாட்டில் மட்டும் பிசகக் கூடாது. தப்பான வரலாறு காதோடு போய்விடும், இது வயிற்றுக்குள் போய்விடுமே என்பாள். இத்தனைக்கும் மீன் இல்லாமல் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. பெரியப்பா அதைச் சொல்லியே அவளைச் சீண்டுவார்.

அப்படியும் ஒருமுறை யாரோ ஒருவரின் நூடுல்ஸில் மீன் சாறு கலந்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த பயணத்தில் நானும் வேனின் கடைசி இருக்கையில் இருந்தேன். கொட்டும் மழை. வழக்கமான உணவகம் பூட்டிக் கிடந்தது. பசியில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஓவியக்கூடத்துக்கு எதிரில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. அதன் சமையல்காரருக்கு நம் மொழி தெரியாது; பெரியம்மாவுக்கு அவர் மொழியில் வழி கேட்க மட்டும்தான் வரும். பாத்திரத்தைக் காட்டி, விரல்களைக் குவித்து, கண்ணை மூடிச் சூப்பைப் புகழ்ந்து பார்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

அந்த மொழியை நான் பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் கடையில் ஒரு பேனா வாங்கவே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறவள் நான்.

நான் கேட்டுச் சொன்னபடி, அன்று சூப்பை விட்டுவிட்டு மற்றதை எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். புகார் எதுவும் வரவில்லை. வேலையும் இன்றுவரை அவளிடமே இருக்கிறது. எனக்கு மறக்காமல் இருப்பது, அந்தக் கடை வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டதுதான்.

"நீ பேசு கண்ணு. சைவமான்னு மட்டும் கேட்டுடாத. சமையல் கத்துக்க ஆசைன்னு சொல்லு. அவரு எலும்புன்னு சொன்னாலும் மூஞ்சியச் சுளிக்காம, முழுசா சொல்லி முடிக்கிறவரைக்கும் சிரிச்சுக்கிட்டே நில்லு."