ஊதினால் தெரியாத போதை

என் தம்பியைக் கொன்றது ஒரு தண்ணீர் லாரி. அடையாற்றில், பட்டப்பகலில், சிவப்பு விளக்கில் ஸ்கூட்டரில் காத்து நின்றவன் மேல் வந்த வேகத்திலேயே ஏறியது. பிரேக் பிடித்த தடம்கூட ரோட்டில் இல்லை.

ஸ்டேஷனில் லாரி டிரைவரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, பாதிக் கண் செருகி, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் கிழிந்த மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

"குடிக்கல சார். மெஷின்ல ஊதச் சொன்னோம், ஒண்ணும் காட்டல" என்றார் ஏட்டு.

"மாத்திரை போட்டிருக்கான் சார். ஊதினா அது எப்படித் தெரியும்? ரத்தம் எடுங்க."

"தலைவலி மாத்திரைன்றான். எடுப்போம், எடுப்போம். நீங்க பாடிய வாங்கற வழியப் பாருங்க."

எடுக்கும்வரை அங்கேயே உட்கார நினைத்தேன். போதை இறங்கிய பிறகு ரத்தம் எடுப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். மாமா விடவில்லை. பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுத்துவிட வேண்டுமாம். "செத்தவனைப் போட்டு வெச்சிட்டு ஸ்டேஷன்ல இன்னாடா பஞ்சாயத்து?" என்று கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் சனத்துக்குப் பிணத்தை எடுப்பதில் இருக்கிற அவசரம் வேறெதிலும் கிடையாது.

பெசன்ட் நகர் சுடுகாட்டிலிருந்து வெளியே வந்ததும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். டிரைவர் ஜாமீனில் போய்விட்டானாம். ரத்தம் எடுத்தீர்களா என்றேன். "அதான் ஊதினானே சார்" என்றார் அதே ஏட்டு. தம்பி ஹெல்மெட்டை ஒழுங்காக மாட்டியிருந்தானா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் குளிக்கத் தண்ணீர் இல்லை. சாவுக்கு வந்த கூட்டத்தில் தொட்டி காலி. தலை முழுகாமல் உள்ளே போகக்கூடாது என்று எல்லாரும் வாசலில் நின்றார்கள். துக்கம் விசாரித்த வாய் மூடுவதற்குள் ஃபிளாட் செக்ரட்டரி போனில் விரட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி லாரிய சீக்கிரம் வரச் சொல்லுப்பா, ஜனம் நிக்குது."

சீக்கிரமாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் கேட் அதிர்ந்தது. டிரைவரிடம் போய்த் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தம்பி மேல் ஏறிய லாரியும் இவன் ஓனருடையதுதான்.

"அவன் மாத்திரை போடுவானா?"

"எல்லாரும்தான் போட்டுக்கினு ஓட்றோம் சார். ராவும் பகலும் ட்ரிப்பு. அது இல்லன்னா உடம்பு தாங்காது."

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்தான்.

"இன்னும் லோடு கீது சார் எனக்கு. ஊத்தவா, வேணாமா?"

பின்னாலிருந்து மாமா, "ஊத்தச் சொல்லுடா" என்றார்.

ஊற்றச் சொன்னேன். அந்தத் தண்ணீரில்தான் என் தம்பிக்குத் தலை முழுகினேன்.