அனுபவம்: இல்லை

காலை ஏழே காலுக்கு வேப்பூர் கூட்டுரோட்டில் ஒரு மினி வேனில் ஏறினேன். விருத்தாசலம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிரைவர் காசு கேட்கவில்லை. கல்லூரி வேலைவாய்ப்பு முகாமுக்கு நாற்காலி இறக்கித் தந்தால் மதியச் சாப்பாடும் உண்டு என்றார். நான் ஒன்பதாவதோடு நின்றவன், ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்பவன். கல்லூரிக்குள் போக இதுவும் ஒரு வழி.

ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வாசலில் டீ குடித்தேன். பன்னிரண்டு ரூபாய். பக்கத்தில் செல்வி, ரம்யா என்று இரண்டு கடைசி வருட மாணவிகள்.

“இன்னிக்கு வேல கெடைக்கலன்னா பழையபடி கூலிக்கே போன்னுட்டாங்க வூட்டுல,” என்றாள் செல்வி.

லீவு நாட்களில் அவளுக்குச் செராமிக் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் சாமான்களை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் கண்டுபிடிப்பது. மூன்று வருடமாகச் செய்கிறாள். கையிலிருந்த பயோடேட்டாவிலோ ‘அனுபவம்: இல்லை’ என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த அளவு எனக்குப் படிக்க வரும். ஏன் என்று கேட்டேன்.

“ஜெராக்ஸ் கடை அண்ணன் எல்லாருக்கும் அப்படித்தாங்க அடிச்சுத் தராரு.”

“கூலி வேலைய எழுதுடி, மேளதாளத்தோட கூப்புடுவாங்க,” என்றாள் ரம்யா.

பத்து மணிக்குச் சென்னை கம்ப்யூட்டர் கம்பெனி மேசை முன்னால் வரிசை வராந்தா வரை நீண்டது. இருவரும் இரண்டு மணி நேரம் நின்றார்கள். அங்கிருந்தவர் தாளை வாங்கிக் குவியலில் போட்டு, “மெயில் வரும்,” என்றார். எல்லோருக்கும் அதேதான்.

பன்னிரண்டரைக்கு நான் காலி நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தேன். வாஷ்பேசின் செய்யும் கம்பெனியின் மேசையில் கூட்டமே இல்லை. செல்வி அங்கே போய் உட்கார்ந்தாள். ரம்யா பின்னால் நின்றாள்.

“அனுபவம் இல்லையாம்மா?” என்றார் மேசையில் இருந்தவர்.

“இல்லைங்க சார்.”

அவர் தாளைப் படிக்கும்போது, மேசையில் காட்சிக்கு வைத்திருந்த வாஷ்பேசினை அவள் கை பழக்கத்தில் தட்டியது. மறுபடி தட்டினாள்.

“சார், இதுல விரிசல் இருக்குதுங்க.”

அவர் சிரித்தார். பிறகு அதைக் கவிழ்த்து, பளபளப்புப் பூசாத அடிப்பக்கத்தில் ஸ்டாம்பு மையைத் தேய்த்துத் துடைத்தார். முடி அளவுக்கு ஒரு நீலக் கோடு நின்றது.

“எங்க கத்துக்கிட்ட?”

செல்வி ரம்யாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “மூணு வருஷமா கூலிக்குத் தட்டிக்கிட்டு இருக்கேங்க.”

அவர் ‘இல்லை’யை அடித்துவிட்டு மேலே ஏதோ எழுதினார். ஸ்ரீபெரும்புதூரில் சரிபார்க்கும் பிரிவு, ஆறு மாத ஒப்பந்தம், தங்குமிடம் உண்டு என்றார்.

“இதுக்கு டிகிரி வேணுமா சார்?”

“வேலைக்கு வேணாம்மா. இந்த ஹாலுக்குள்ள வரத்துக்கு வேணும்.”

நான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. கேட்டருகே செல்வி போனில், “அதே வேலதாம்ப்பா. ஆனா மாசச் சம்பளம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரம்யாவின் கையில் நாலு பயோடேட்டா மீதி இருந்தது. என்னைப் பார்த்து, “மேளம் அடிக்கிற வேல இருந்தா சொல்லுங்கண்ணா,” என்றாள்.

நான் போன ஊர்களில் யாரும் என்னிடம் தாள் கேட்டதில்லை. என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். ரம்யாவிடம் காலையிலிருந்து அதை யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது வேப்பூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் உறைத்தது.