மோட்டார் நல்லா ஓடுதுங்க, தண்ணிதான் வரலை

துடியலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று பிள்ளையார் சந்நிதி. இன்னொன்று நானும் என் கம்ப்யூட்டரும் இருந்த ஏசி அறை. பிள்ளையார் யாருக்கும் கெடுதல் செய்ததாகத் தகவல் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மோட்டார் வாங்கியவர்கள் சொல்லும் புகார்களைப் பதிந்து பின்தொடர ஒரு புரோகிராம் எழுதுவது என் வேலை. புகார் வந்ததும் 'நிலுவை'. மெக்கானிக் போய் வந்தால் 'பார்த்தாச்சு'. வாங்கியவர் திருப்தி என்றால் 'முடிந்தது'. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு நிபந்தனை. தடித்தடியான புத்தகங்கள் படித்திருந்ததால், நிபந்தனை சரியாக எழுதினால் மனித குலத்தையே ஒழுங்குபடுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வாங்கியவருக்குத் திருப்தி என்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்? சர்வீஸ் மேனேஜர் வழி சொன்னார்: "நல்லா இருக்குதுன்னு சொன்னா முடிஞ்சுதுங்க. அத மெஷினே கண்டுபுடிக்கட்டும்." எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது. போன் எடுக்கும் அம்மணி கேட்ட தமிழை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவார். அந்தப் பத்தியில் முன்னே எது இருந்தாலும், பின்னே எது இருந்தாலும், நடுவில் எங்காவது 'NALLA' தென்பட்டால், எந்த நிலையில் இருந்தாலும் புகாரை மூடிவிடு என்று எழுதினேன். புகாருக்கு ஒரு பத்தி, பதிலுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வைப்பது இடத்துக்குக் கேடு என்று இரண்டையும் ஒன்றாக்கியது என் சொந்தச் சாமர்த்தியம்.

நிலுவைப் பட்டியல் மளமளவென்று இளைத்தது. முதலாளி என் அறைக்கே வந்தார், வெறுங்காலோடு.

"நம்ம மோட்டாரு இத்தன நல்லதுன்னு எனக்கே தெரியாமப் போச்சுங்க தம்பி" என்றார். ஆபீஸ் முழுக்க மைசூர்பா கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

முதலாளியின் மகளை அந்த வருஷம்தான் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி மரியாதைக்காகத் தோப்பிலிருந்த பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, எங்கள் மோட்டாரை ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கியிருந்தார். வெயில் காலத்தில் ஒருநாள் மகள் அப்பாவுக்குப் போன் செய்தாள். முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்துக்கொண்டு பேசினார். அவள் குரல் எனக்கே கேட்டது.

"ஏனுங்கப்பா, மோட்டாரு கெட்டு எத்தன நாளாச்சு! புதுசா வெச்ச தென்னங்கன்னெல்லாம் காயுது. மாமா கம்பெனிக்கு எத்தனையோ தடவ போன் பண்ணிப்போட்டாரு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. என்னையப் பாத்தா 'சாப்டியா கண்ணு'ன்னு கேக்கறதையும் உட்டுட்டாரு. தல ஆடிக்கு எங்கள அனுப்புவாருன்னு நெனைக்காதீங்க."

முதலாளி முகம் செத்துப்போயிற்று. சம்பந்தி ஏன் நேரே தன்னிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை, அவருக்குத் தெரியும். உங்கள் மோட்டார் சரியில்லை என்று சம்பந்தியிடமே சொல்வது, பெண்ணைக் குறை சொல்வதற்கு அடுத்த வீடு.

பட்டியலைத் தேடினோம். சம்பந்தியின் புகார்கள் எல்லாமே இருந்தன. எல்லாமே 'முடிந்தது'. 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா. உங்க மோட்டார் நல்ல மோட்டாருங்க. நல்லா ஓடுதுங்க. தண்ணிதான் வரலை.' மற்றவர்களுடையதையும் புரட்டினேன். கொங்கு நாட்டில் புகாரை யாரும் புகாரிலிருந்து ஆரம்பிப்பதில்லை. முதலில் நலம், பிறகு பாராட்டு; குறை என்பது கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வது. நான் பிறந்து வளர்ந்ததும் அதே ஊரில்தான்.

"தம்பி, நீங்களும் வண்டில ஏறுங்க" என்றார் முதலாளி.

மெக்கானிக்குகளோடு ஆனைமலை போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி கைகூப்பி வரவேற்றார். இளநீர், அதற்கு மேல் மோர், அதற்கு மேல் இலை போட்டுச் சாப்பாடு. ஜன்னலுக்கு வெளியே தென்னங்கன்றுகள் பழுப்பாகத் தலை தொங்கி நின்றன.

"மோட்டாருல எதோ கொறைன்னு..." என்றார் முதலாளி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரசம் ஊத்திக்குங்க."

"புள்ளையையும் மாப்பிள்ளையையும் ஆடிக்கு..."

"பாக்கலாமுங்க."

இந்தப் 'பாக்கலாமுங்க' எந்த நிலையில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. முதலாளிக்குப் புரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மெக்கானிக்குகள் குழாயை மேலே ஏற்றிப் பார்த்தார்கள். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங் முறிந்திருந்தது. மோட்டார் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியிருக்கிறது, தன்பாட்டுக்கு. மாற்றி இறக்கி சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமி, செம்மண் துப்பி, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. சம்பந்தி தண்ணீர் போன வழியே வாய்க்கால் கரையில் நடந்து, கடைசிக் கன்று நனைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏனுங் சம்பந்தி, இதையெல்லாம் ஒரு மோட்டாருன்னு விக்கறீங்களாக்கு? நான் களட்டிப் போட்ட பழசே இதுக்குத் தேவலாமுங்க! போன்ல ஒரு புள்ள, நாம பேசப் பேச டொக்கு டொக்குனு அடிக்குது. ஆளு வந்தாத்தானே!"

முதலாளி முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பூரிப்பு. மகள் என் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள்: "அப்பாடி, கோவம் தீரத் திட்டிப்போட்டாரு. இனி அனுப்பிருவாரு."

ஊர் திரும்பியதும் புகாருக்கும் பதிலுக்கும் பத்தியைத் தனித்தனியாகப் பிரித்தேன். எழுத்தை நம்பினால்தானே வம்பு? 'தண்ணீர் வருகிறதா' என்று ஒரு கட்டம் வைத்தேன்; ஆம், இல்லை, இரண்டைத் தவிர வேறெதையும் அது வாங்காது. மறுநாள் அம்மணி போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி வருதுங்களா?"

"வருமுங்க."

"ஆமாவா, இல்லீங்களா?"

"உங்களுக்கு எது தோதோ அதப் போட்டுக்குங்க அம்மணி."

ஆடிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கொண்டுவந்து விடும் சாக்கில் சம்பந்தியும் வந்தார். கம்பெனியைச் சுற்றிப் பார்த்தபடி, சத்தம் ஜாஸ்தி, பெயின்ட் உரிகிறது, கரண்டை இழுக்கிறது என்று ஒவ்வொரு மோட்டாரையும் தட்டித் தட்டிக் குறை சொன்னார். முதலாளி ஒரு நாற்காலி வரவழைத்து அவரை உட்கார வைத்து, "அப்பறமுங்க சம்பந்தி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.